பழைய தொட்டிகள்: மண்ணா, பிளாஸ்டிக்கா, சிமென்ட்டா?

மாடிப்படிக்குக் கீழே கிடந்ததை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், 23 காலித் தொட்டிகள். ரோஜா செத்துப்போன மண் தொட்டிகள், நர்சரியிலிருந்து செடியோடு வந்த மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக், பெயிண்டர் விட்டுப்போன 20 லிட்டர் வாளிகள், விளிம்பு உடைந்தவை, மாமனார் வீட்டிலிருந்து வந்த இரண்டு சிமென்ட் தொட்டிகள். இனிமேல் புதுசாக ஒரு தொட்டிகூட வாங்குவதில்லை, இருப்பதை வைத்தே சென்னை மொட்டைமாடியில் தோட்டம் போடுவது என்று முடிவெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. எது நல்லது என்று கேட்பவர்களிடம், தொட்டியின் அழகை அப்புறம் பார்க்கலாம், ஊற்றிய தண்ணீர் அதிலிருந்து எப்படி வெளியே போகிறது என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மண் தொட்டியில் தண்ணீர் அடித்துளை வழியாக மட்டும் போவதில்லை, சுவர் வழியாகவும் கசிந்து ஆவியாகிறது. பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிற அதே சங்கதிதான், அதனால் வேர் வேகாது. ஆனால் கத்திரி வெயிலில் 10 அங்குலத் தொட்டிக்குக் காலையில் ஊற்றினால் சாயங்காலம் செடி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பிளாஸ்டிக்கில் ஈரம் இரண்டு நாள்கூட நிற்கும், ஆனால் கறுப்புச் சுவரைத் தொட்டால் கை சுடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ கதை தலைகீழ். மண் தொட்டி சீக்கிரம் காய்ந்து செடியைக் காப்பாற்றிவிடும், பிளாஸ்டிக்கில் சேறாகி வேர் அழுகும்.

அப்படியானால் எது? எனக்குக் கைகொடுத்தது இரண்டும் சேர்ந்ததுதான். நர்சரி பிளாஸ்டிக் தொட்டியைச் செடியோடு அப்படியே தூக்கி, அதைவிடப் பெரிய பழைய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் தேங்காய் நாரைத் திணித்து நனைத்து வைத்தேன். கோடையில் வெளிச்சுவர் குளிர்ச்சியைத் தருகிறது, உள்சுவர் ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மழை தொடங்கினால் உள்தொட்டியை வெளியே எடுத்துச் செங்கல் மேல் உட்கார வைத்துவிடலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த இன்னொரு வேலை இருக்கிறது. 5 அங்குலச் சின்ன மண் தொட்டி ஒன்றை எடுத்து, அடித்துளையைச் சிமென்ட் வைத்து அடைத்து, காய்ந்ததும் பெயிண்ட் வாளியின் நடுவே கழுத்துவரை புதைத்துவிடுங்கள். சுற்றிலும் மண் கலவையைப் போட்டுக் கத்தரியோ தக்காளியோ நடலாம், வாளிக்கு ஒரு செடி போதும். புதைத்த தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் சுற்றியுள்ள மண் காயக் காயச் சுவர் வழியே தானாகக் கசியும். பழைய பானைப் பாசனம்தான் இது, ஊருக்குப் போகும் இரண்டு நாளுக்குத் தாங்கும். மேலே ஒரு தட்டை வைத்து இடைவெளி இல்லாமல் மூடுவது முக்கியம், இல்லாவிட்டால் டெங்கு கொசு வளர்க்கிற தொட்டியாகிவிடும். வெள்ளை உப்பு பூத்த பழைய தொட்டியில் கசிவு குறையும், எங்கள் போர்வெல் தண்ணீருக்கு எல்லாத் தொட்டியும் அப்படித்தான் பூக்கிறது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

சுத்தம் என்று வந்தால் பிளாஸ்டிக்குக்குத்தான் என் ஓட்டு. நோய் வந்து செத்த செடியின் தொட்டியை ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி அலசிக் காயவைத்தால் வேலை முடிந்தது. மண் தொட்டியின் நுண்துளைகளில் கிருமி ஒளிந்துகொள்ளும் என்பதால் நன்றாகத் தேய்த்த பிறகுதான் முக்க வேண்டும். உப்புக்கு வினிகர், கிருமிக்கு ப்ளீச் என்று இரண்டையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

அலங்காரத்தில் நான் பட்ட அவஸ்தையையும் சொல்லிவிடுகிறேன். ஆர்வக்கோளாறில் ஆறு மண் தொட்டிகளுக்குப் பளபளவென்று எனாமல் அடித்தேன். துளைகள் அடைபட்டு அவை பிளாஸ்டிக் மாதிரியே ஆகிவிட்டன, மழையில் ஒரு மல்லிகை அழுகியது, உள்ளிருந்து வந்த ஈரம் தள்ளிப் பெயிண்டும் செதில் செதிலாக உரிந்தது. இப்போது சுண்ணாம்பும் காவியும்தான், கோயில் மதில் மாதிரி பட்டை பட்டையாக. சுவர் மூச்சு விடும், வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடித்தால் போதும். பிளாஸ்டிக் வாளிக்கு எனாமல் அடித்தால் சரியாக ஒட்டுவதில்லை, பழைய சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டினால் பார்க்கவும் நன்றாக இருக்கிறது, சூடும் குறைகிறது.

உடைந்ததைத் தூக்கிப்போட வேண்டாம். மேல்பாதி போன மண் தொட்டியில் 6 அங்குல ஆழம் மிச்சம் இருந்தால் அரைக்கீரைக்கு, வெந்தயக்கீரைக்கு அதுவே தாராளம். பக்கவாட்டில் பிளந்த பெரிய தொட்டியில் ஓட்டுச்சில்லுகளைப் படிக்கட்டு போலச் செருகி, மண்ணைத் தட்டையாக இல்லாமல் சரிவாக நிரப்பி, டேபிள் ரோஸ் நட்டேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்த உடைந்த தொட்டியைப் பற்றித்தான். ஆனால் வடிகாலுக்கு என்று அடியில் ஓட்டாஞ்சில்லை அடுக்கடுக்காகக் கொட்டுகிறோமே, அதில் பிரயோசனம் இல்லை. தண்ணீர் மெல்லிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிக்குள் சுலபத்தில் இறங்காது, ஈரம் தேங்குகிற மட்டம்தான் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வரும். மண் வெளியேறாமல் இருக்கத் துளைமேல் ஒரே ஒரு சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. நர்சரி கறுப்புத் தொட்டியை நேரடி வெயிலில் வைத்தால் கொஞ்ச நாளில் விளிம்பு பொடியத் தொடங்கும், அதனால் அதை உள்தொட்டியாகவும் நாற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். பெயிண்ட் வாளி பல வருஷம் உழைக்கும். உள்ளே ஒட்டிய பெயிண்ட் முழுக்க உரிந்து வந்ததில் மட்டும்தான் காய்கறி நடுகிறேன், மற்றதில் பூச்செடி. பூச்சிமருந்து வந்த டப்பா எதற்குமே வேண்டாம். துளையை அடியில் போடாமல், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் நான்கு இடத்தில் போட்டால் தரையில் உட்கார்ந்து அடைபடாது. வாளி முழுக்க வெறும் தோட்டமண்ணாகப் போட்டால் நனைந்தபின் 30 கிலோவைத் தொடும், பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தால் மாடிக்கும் நல்லது, நம் இடுப்புக்கும் நல்லது.

சிமென்ட் தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடையாது, காற்றுக்குச் சாயாது, யாராலும் நகர்த்தவும் முடியாது. மாடிக்கு ஏற்றுகிறேன் என்று இரண்டு பேர் பிடித்து மூன்றாவது படியோடு இறக்கி வைத்துவிட்டோம். இப்போது இரண்டும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நித்தியகல்யாணியோடு நிற்கின்றன.