புற்றுநோய் மருந்து எடுப்பவர் வீட்டுக்கு எந்தப் பிறசர் மெசின்?

யாழ்ப்பாணத்து மருந்துக்கடைகளில் பிறசர் மெசின் கேட்டால் இரண்டு வகை எடுத்து வைப்பார்கள்: மணிக்கட்டில் கட்டுவது, மேற்கையில் சுற்றுவது. பெவாசிசுமாப், சுனிற்றினிப் போன்ற மருந்து எடுப்பவருக்கென்றால் மேற்கை மெசின்தான். மணிக்கட்டு மெசின் கொண்டுதிரிய லேசு. ஆனால் கை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே போனாலே கணக்குக் கூடிவிடும்.

இந்த மருந்துகள் கட்டிக்குப் புது இரத்தக்குழாய் முளைக்க விடாதவை. அதே வேலையில் உடம்பின் மற்றக் குழாய்களும் இறுகும். முதல் சில கிழமைகளுக்குள்ளேயே பிறசர் ஏறலாம். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதானால் புரதம் கசியும், சிறுநீர் நுரைக்கும்.

வாங்கும்போது திரைக்கும் புளூடூத்துக்கும் மயங்காமல் கையில் சுற்றும் பட்டியைப் பாருங்கள். பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் 22–32 சென்ரிமீற்றர் பட்டி. சிகிச்சையில் மெலிந்தவரின் கை 22க்கும் கீழே போய்விடும். கைக்குப் பெரிதான பட்டி பிறசரைக் குறைத்துக் காட்டும். ஏறியிருப்பது தெரியாமலே போகும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 17–22 பட்டி தனியாகக் கிடைக்காத மெசினென்றால் மெலிந்தவருக்கு அது வேண்டாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் கூட்டிக் காட்டும்.

மார்பகச் சத்திரசிகிச்சையில் அக்குள் நெறி (நிணநீர்க் கணு) எடுத்த பக்கத்துக் கையிலும், மருந்துக் குழாய் ஏற்றிய கையிலும் கட்டக்கூடாது. தேத்தண்ணி குடித்து அரைமணித்தியாலம் விட்டு, கதிரையில் சாய்ந்து 5 நிமிடம் இருந்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு தரம் அளந்து கொப்பியில் எழுதுங்கள். 135/85ஐத் தாண்டி நாலைந்து நாள் நின்றால் கிளினிக் திகதி வரும்வரை பொறுக்க வேண்டாம். மேல் கணக்கு 180ஐத் தொட்டாலோ, தலையிடியோடு கண் மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுனிற்றினிப்பை 4 கிழமை எடுத்து 2 கிழமை விடுபவர்கள் விட்ட நாட்களையும் குறிக்க வேண்டும். அப்போது பிறசர் இறங்கும், பிறசர்க் குளிசை மட்டும் பழைய அளவில் போய்க்கொண்டிருந்தால் தலை சுற்றும்.

சிஸ்பிளாற்றின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து ஏற்றுபவருக்கு இந்த மெசினால் பெரிய பிரயோசனமில்லை. அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கி மக்னீசியத்தை வெளியேற்றும். கிரியாற்றினின், மக்னீசியம் இரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும். மெசின் வாங்குகிற அதே கடையில் நோவுக்கு டைக்குளோபெனாக்கும் கேட்டு வாங்குகிறார்கள். அது பிறசரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.