வேண்டாதவர் வேறு, தேவையற்றவர் வேறு: ஓர் அகராதிச் செயலி

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக்கொடுப்பது என் தொழில். பேனா போய்க் கணினி வந்த பிறகு, பிழை பார்க்க ஒரு தமிழ் அகராதிச் செயலியை வாங்கினேன். ஆண்டுக்கு 149 ரூபாய். ஒற்று மிகும் இடங்களை ஒழுங்காகக் காட்டுகிறது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இதற்கு மேல் பாராட்ட மனம் வரவில்லை.

சென்ற மாதம் ஓர் அம்மாள் வந்தார். "எனக்கு வேண்டாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்" என்று அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன். செயலி 'வேண்டாதவர்கள்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டு, 'தேவையற்றவர்கள்' என்று மாற்றச் சொன்னது. அவசரத்தில் தொட்டுவிட்டேன். அச்செடுத்துப் படித்துக் காட்டியபோது அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தேவையற்றவர்களா? அவர்கள் என்ன, நான் பழைய பேப்பர்காரருக்குப் போட்ட சாமானா, ஐயா?"

இரண்டாம் பிரதிக்குக் காசு கேட்க வாய் வரவில்லை.

பிறகு அகராதிப் பகுதியில் தேடினேன். 'வேண்டாத: தேவையில்லாத.' அவ்வளவுதான். 'வேண்டாத வேலை' என்பதற்கு அது சரி. ஆளைச் சொன்னால் கதையே வேறு. எனக்கு வேண்டியவர் என் பக்கம் நிற்பவர். வேண்டாதவர் எனக்குக் கெடுதல் நினைப்பவர். குறளின் நான்காம் பாட்டில் 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்று வருகிறதே, அந்த வேண்டாமைக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் வெறுத்தல். 'வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம்' என்னும்போதோ வெறுப்பு புருஷனுடையது. அவள் பாவம், யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஒரே சொல் இரு பக்கமும் திரும்பும்.

'ஆகாது' என்பதற்கும் 'கூடாது' என்று ஒரே பொருள்தான் போட்டிருக்கிறார்கள். கத்தரிக்காய் எனக்கு ஆகாது என்றால் தின்றால் உடம்பு அரிக்கும். பங்காளிக்கும் எனக்கும் ஆகாது என்றால் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் வாசலுக்கு வரும் மனுக்களில் பாதி இந்த இரண்டாவது ஆகாதுதான்!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இணையத்தில் காசில்லாமலே தேடலாம். இப்போது பொருளுக்கு அங்கேதான் போகிறேன். செயலியில் மாற்றுச்சொல் காட்டும் வசதியை அணைத்துவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் ஒற்றுக்காக.