கற்றாழைத் தொட்டி: வீட்டுக்குள்ளா, வெளியிலா?

சோற்றுக்கற்றாழைக்கு 13 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை சுகம். வெயிலைவிடக் குளிர்தான் அதற்கு எமன். இலைக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். உறைபனி பட்டால் அது உறைந்து திசுவைக் கிழித்துவிடும். பனி விலகியதும் இலை வேகவைத்ததுபோல் தொளதொளவென்று சாயும். அப்புறம் அந்த இலை தேறாது. அதனால் இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகும் காலத்தில் வீட்டுக்குள் வைப்பதே சரி. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் இலை ஒட்டக் கூடாது. அறை கதகதப்பாக இருந்தாலும் கண்ணாடி சில்லென்றிருக்கும். ஹீட்டர் பக்கத்திலும் வேண்டாம்.

மற்ற மாதங்களில் என் ஓட்டு வெளியேதான். காற்றோட்டத்தில் மண் சீக்கிரம் காயும், வேர் அழுகும் பயம் குறைவு. இலையும் தடித்து நிமிர்ந்து நிற்கும். உள்ளே வெளிச்சம் போதாத செடியோ மெலிந்து, நீண்டு, படுத்துவிடும். ஒரே சிக்கல், உள்ளே இருந்த தொட்டியை நேராக உச்சிவெயிலில் வைத்தால் இலை செம்பழுப்பாகிவிடும். என் செடி ஒன்று இரண்டே நாளில் அப்படி ஆனது, என் அவசரம்தான் காரணம். பத்து நாளாவது நிழலில் பழக்கிவிட்டு வெயிலுக்கு நகர்த்துங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதிக்கும். மண் தொட்டி எவ்வளவோ மேல்.