லிசெஸ்ல அரீனாவா ஸ்விஸ்ஸா?

ரெண்டுமே லிசெஸ்ங்கிற செஸ் வெப்சைட்ல நடக்கிற ஆன்லைன் டோர்னமென்ட்தான், ஆனா ஆடுற மனநிலையே வேற. அரீனாவுல கடிகாரம்தான் முதலாளி, ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரம், கேம் முடிஞ்ச கையோட அடுத்த ஆள் வந்துடுவாரு, ஜெயிச்சா 2 பாயிண்ட், டிரா 1, தொடர்ந்து ரெண்டு ஜெயிச்சிட்டா அப்புறம் ஒவ்வொரு வெற்றிக்கும் 4, அந்த நெருப்பு அணையற வரைக்கும், அதாவது ஒரு கேம் ஜெயிக்காம போற வரைக்கும். பெர்சர்க் பட்டனை வேற அழுத்தலாம், நம்ம நேரம் பாதியாகி 3 நிமிஷம் ஒன்றரை ஆயிடும், ஜெயிச்சா 1 கூடுதல் (கை நடுங்கும், ஆனாலும் அழுத்துவேன்).

ஸ்விஸ்ல ரவுண்டு கணக்கு. வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை, நம்ம ஸ்கோரை ஒட்டியே எதிராளி, அதே ஆள் திரும்ப வரமாட்டாரு. ரேங்க் நியாயமா இருக்கணும்னா என் ஓட்டு இதுக்குத்தான், அரீனாவுல வேகமா ஆடியே மேல ஏறிடுறாங்க. என்ன, மத்த போர்டெல்லாம் முடியுற வரைக்கும் உக்காந்திருக்கணும், நான் அந்த கேப்ல டீ போட்டுடுவேன்.