மான் தின்ற 'டபிள்யூ'

திருகோணமலைக்குப் போய் வந்து பத்து நாள் ஆகிறது. கோணேசர் கோவிலுக்குப் போனேன், டச்சுக்குடாவில் கால் நனைத்தேன், நிலாவெளியில் மச்சாள் வீட்டு நண்டுக் கறி சாப்பிட்டேன். அதெல்லாம் ஊருக்குப் போய் வருகிற எல்லாரும் எழுதுவதுதான். நான் எழுத வந்தது ஓர் ஆங்கில எழுத்தைப் பற்றி. அந்த ஒற்றை எழுத்துக்காக என் மூன்று வார லீவில் நாலு நாள் ஓர் அரச அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்தபடியே கழிந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. அங்கே கவுண்டரில் இருந்த மிஸ் கடைசியில் நல்ல பிள்ளையாகிவிட்டார்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் மனைவியும் கொலம்பியாவிலிருந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறோம். கைக்குழந்தை இல்லை, ஏழு முதல் பத்து வயதுக்குள். கொலம்பிய வம்சாவளி இல்லாத எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அங்கிருந்து வருவது பெரும்பாலும் அந்த வயதுப் பிள்ளைகள், இல்லையென்றால் பிரிக்கக் கூடாத அண்ணன் தங்கைகள். எங்களுக்கும் அதுதான் விருப்பம். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டியாயிற்று, இனி இரவு முழுக்கத் தொட்டில் ஆட்ட முதுகில் தெம்பு இல்லை. எந்தப் பிள்ளை என்று இன்னும் தெரியாது. முதலில் எங்களைப் பற்றிய கோப்பு அந்த நாட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் கோப்புக்காக, நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோவில் 27 மணி நேரப் பயிற்சி, சமூக சேவையாளர் வீட்டுக்கு வந்து மணிக்கணக்காகக் கேட்கும் கேள்விகள், வங்கிக் கணக்கு, டொக்டர் கடிதம், பொலிஸ் சான்றிதழ். இலங்கைப் பொலிஸ் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன், வந்தது. அதில் எழுத ஒன்றும் இல்லை. மாட்டிக்கொண்டது பிறப்புப் பத்திரத்தில்தான்.

என்னிடம் இருந்தது பள்ளிக்கூடக் காலத்துக் கொப்பி. மடிப்பில் கிழிந்து, ஒட்டிய செலோடேப் மஞ்சளாகி, அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. சமூக சேவையாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்று எடுத்து வரச் சொன்னார், ஆங்கில மொழிபெயர்ப்போடு. அது ரொறன்ரோவில் நோட்டரியிடம் போய், வெளிநாடு பத்திரத்தை ஏற்பதற்கான ஒன்ராறியோ அரசின் அப்பொஸ்தில் முத்திரை வாங்கி, பிறகு ஸ்பானிய மொழிக்குப் போகும். 2024 ஜனவரி 11 வரை கனடாவில் அந்த அப்பொஸ்தில் வசதியும் கிடையாது, தூதரகத்துக்கும் சேர்த்து அலைய வேண்டும். அதில் மட்டும் எங்களுக்கு நல்ல நேரம்.

சரி, ஊருக்கு வருவோம். முதல் நாள் போர்ம் நிரப்பிக் காசு கட்டினேன். "நாளைக்கு வாங்கோ" என்றார்கள். மறுநாள் பத்திரமும் மொழிபெயர்ப்பும் கையில் வந்தன. பரவாயில்லையே, ஊர் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டே எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீயும் உழுந்து வடையும் வாங்கி உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அம்மாவின் பெயர் 'ஈஸ்வரி' என்று முடியும். அவருடைய பாஸ்போர்ட்டிலும் என் கனடாக் கலியாணப் பத்திரத்திலும் அந்த 'வ'வுக்கு 'வி' இருக்கிறது. புது மொழிபெயர்ப்பில் 'டபிள்யூ'.

திரும்பிக் கவுண்டருக்குப் போனேன்.

"மிஸ், அம்மாவின் பெயரில 'வி' வர வேணும்."

"ரெஜிஸ்டர்ல தமிழ்லதானே அண்ணா இருக்கு. தமிழ்ல ஒரு 'வ'தான். கோணேஸ்வரத்துக்கும் டபிள்யூதானே போடுறது?"

ஊர்க் கோவிலையே சாட்சிக்கு இழுத்தால் நான் என்ன சொல்வது? ஆனாலும் வாதாடினேன். கொடுத்த பத்திரத்தில் எழுத்து மாற்றுவதென்றால் அது வேறு அலுவல் என்றார். அம்மாவின் அடையாள அட்டை, ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி, அதன்பிறகு மேலே அனுப்பி ஒப்புதல். "ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும் அண்ணா." எனக்கு பிளைட்டுக்கு எட்டு நாள் இருந்தது.

ஸ்காபரோவில் இப்படி ஒரு பிழை நடந்தால் கவுண்டரில் இருப்பவர் மூன்று தரம் மன்னிப்புக் கேட்டு, ஆறு கிழமையில் தபாலில் வரும் என்பார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன். பத்து நாளுக்குக் கொதித்தவன் ஆறு கிழமைக்கு நன்றி சொல்வேன் என்பது வாங்கில் இருக்கும்போதே எனக்கு உறைத்தது. உறைத்தும் கொதி அடங்கவில்லை. சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கலாம் அந்த மிஸ்.

மூன்றாம் நாள் அடையாள அட்டைக்காக அம்மாவையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அது என் பிழை. அம்மா வாங்கில் இருந்த அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்கள், பின்னால் இருந்தவர்கள், பியோன் ஐயா எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மகன் கொலம்பியாப் பிள்ளை எடுக்கப் போகிறான். ஒருவர் கொழும்புப் பிள்ளையா என்று கேட்டார். கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஓர் உம்மா, "எட்டு வயசெண்டா பிள்ளைக்கு எல்லாம் நினைவிருக்குமே வாப்பா" என்றார். அன்று வாங்கில் பேசியதில் உருப்படியான பேச்சு அது ஒன்றுதான். 27 மணி நேரப் பயிற்சியில் பாதியை அந்த மனுசி ஒரு வரியில் முடித்துவிட்டார்.

கவுண்டர் மிஸ்ஸும் தலையை நீட்டினார். "இஞ்ச பிள்ளையள் இல்லையோ அண்ணா?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன், ஆனால் வாங்கில் வைத்துச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. பயிற்சி வகுப்பில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கு 1993 இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாடுகள் உறுதி செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும். மெக்சிக்கோ செய்தது, ருமேனியா செய்தது, 1995 இல் மூன்றாவதாகச் செய்தது இலங்கை. வகுப்பில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெருமை அடுத்த படம் திரையில் வரும் வரைக்கும்தான். நெதர்லாந்தில் ஓர் ஆணைக்குழு பழைய தத்தெடுப்புகளை விசாரித்து 2021 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்ததாம். அது விசாரித்த நாடுகள் ஐந்து: பங்களாதேஷ், பிரேசில், இந்தோனேசியா, கொலம்பியா, இலங்கை. நான் பிறந்த நாடும் எங்கள் பிள்ளை பிறந்திருக்கும் நாடும் ஒரே பட்டியலில். 80களில் எங்கள் நாட்டிலிருந்து போன குழந்தைகள் சிலரின் பத்திரத்தில் தாய் என்று எழுதியிருப்பது தாயின் பெயரே இல்லை. காசு வாங்கிக்கொண்டு வேறு பெண்கள் தாயாக வந்து நின்றிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இப்போது நாற்பது வயதில் ஐரோப்பாவிலிருந்து வந்து தேடுகிறார்கள், கையில் அந்தப் பத்திரத்தோடு.

அதற்குப் பிறகு, தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் எங்கள் சமூக சேவையாளர் ஏன் பேனையைக் கீழே வைத்துவிடுகிறார் என்று விளங்கியது. விளங்கியதென்னவோ ரொறன்ரோவில், ஏசி அறையில். திருகோணமலையில் மின்விசிறி அரைவட்டம் போட்டுக்கொண்டிருந்த மூன்றாம் நாள் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு டபிள்யூவுக்கு இந்தப் பாடா என்றுதான் இருந்தது.

நாலாம் நாள். ஜி.எஸ். கடிதம் வாங்கியாயிற்று. சமாதான நீதவான் பகல் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். நான் வளவுக்குள் வேப்பமர நிழலில் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து, பத்திரங்கள் இருந்த கவரை மடியில் வைத்து, அதன் மேல் அன்றைய உழுந்து வடையை வைத்திருந்தேன். ஊரை விட்டுப் போய் அதிக காலம் ஆனவன் செய்யும் மடத்தனம் இது. திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் மான் காட்டில் இல்லை. கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் அலுவலக வளவுகளிலும் புள்ளிமான்கள் மாடு மாதிரி நிற்கும். வாழைப்பழத் தோல் தின்னும், சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற்றையும் தின்னும். சின்ன வயதில் எங்களுக்கு அது ஒரு காட்சியே இல்லை. இப்போது நானும் வெள்ளைக்காரன் மாதிரி போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கச்சான் காற்று ஒரு அடி அடித்தது. வடை ஒரு பக்கம், கவர் ஒரு பக்கம். நான் வடையைப் பிடித்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை அப்படிப் போய்விட்டது. கவர் போய் ஒரு பெண் மானின் காலடியில் விழுந்தது. இரண்டு நாள் வடை எண்ணெய் ஊறின கவர், விடுமா? நான் எழும்பி ஓடுவதற்குள் ஒரு மூலையைக் கடித்து இழுத்துவிட்டது. நான் ஒரு பக்கம், மான் ஒரு பக்கம். மானின் கண்ணை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. மீட்டெடுத்தபோது மொழிபெயர்ப்பில் கீழ்ப்பாதி இல்லை. முத்திரையும் கையெழுத்தும் உள்ளே போய்விட்டன. மூலப் பத்திரத்திலும் ஒரு மூலை.

உள்ளே போய்க் காட்டினேன். பியோன் ஐயாவுக்கு அதிர்ச்சியே இல்லை. "மான் திண்டதோ தம்பி? முந்தியும் ஒருத்தற்ற காணி உறுதிக் கொப்பி போனது." கவுண்டர் மிஸ் அந்தக் கிழிசலை விரித்து வைத்து, எச்சில் காயும் வரை பார்த்தார். பிறகு சொன்னார்:

"பழுதாப் போன பத்திரத்துக்குப் புதுக் கொப்பி இண்டைக்கே தரலாம் அண்ணா. மொழிபெயர்ப்பும் புதுசா அடிக்கத்தான் வேணும்." கொஞ்சம் நிறுத்தினார். "'வி' எண்டுதானே சொன்னீங்கள்?"

எழுத்தை மாற்ற ஒரு கிழமை, பத்து நாள். மான் தின்றால் நாற்பது நிமிடம். மேலே அனுப்பவும் இல்லை, சத்தியக் கடதாசியும் இல்லை. கனடாவில் இதற்கு வழியே இல்லை. அங்கே மான் தின்றதற்கும் ஒரு போர்ம் இருக்கும், அதற்கும் ஆறு கிழமை.

அந்த நாற்பது நிமிடத்தில் இன்னொன்றும் நடந்தது. சரிபார்க்கப் பழைய பதிவேட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார்கள். 1979 ஆம் ஆண்டுப் பக்கம். அறிவித்தவர் என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து, மை பழுப்பாகி இருந்தது. கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் இரண்டு புள்ளி வைப்பது அவருடைய பழக்கம். அந்தப் புள்ளி இரண்டும் இருந்தன. போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன், கூடாது என்றார் மிஸ். அதற்கும் மான் ஏதாவது செய்யுமா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கொலம்பியாவில் தத்தெடுப்பு முடிந்ததும் பிள்ளைக்குப் புதிதாக ஒரு பிறப்புப் பதிவு எழுதுவார்கள், எங்கள் பெயர்களோடு. பழைய பதிவு செல்லாது. அந்தப் பழைய பக்கத்திலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அன்று இரவு அம்மா விறாந்தையில் இருந்து கேட்டார், பிள்ளைக்குப் பெயர் மாற்றலாமோ என்று. மூன்று வயதைத் தாண்டினால் பிள்ளை சம்மதிக்க வேண்டும், இல்லை நீதிபதி காரணத்தை ஏற்க வேண்டும், அதுதான் அங்கத்தைய சட்டம் என்றேன். நாங்கள் கேட்கவே போவதில்லை என்றும் சொன்னேன். அம்மாவுக்கு முகம் சுருங்கியது. "அப்ப எங்கட எண்டு என்ன இருக்கும்?"

அங்கே ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர், ஒன்று தகப்பன் பக்கம், ஒன்று தாய் பக்கம். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, கனடாப் பத்திரங்களில் அந்தக் கட்டத்தில் நிற்பது என் அப்பாவின் பெயரும் மனைவியின் அப்பாவின் பெயரும்தான். ஆகவே பிள்ளையின் பெயருக்குப் பின்னால் அப்பப்பாவும் அம்மப்பாவும் வரிசையாக வருவார்கள். இதைக் கேட்டதும் அம்மா எழும்பிப் போய், சுவரில் இருந்த அப்பாவின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அதன் பிறகு பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் மறுநாள் காலை இடியப்பத்தை வைத்துக்கொண்டு, உறைப்பு இல்லாத கறி வகைகளை எனக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ரொறன்ரோ வந்ததும் வேறு கூத்து. டபிள்யூ பத்திரத்தின் படத்தை நான் இரண்டாம் நாளே சமூக சேவையாளருக்கு அனுப்பியிருந்தேன். இப்போது கையில் இருப்பதில் 'வி', திகதியும் வேறு. எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றார். அவர் கேட்டது சரிதான். ஒரு பக்கத்துக்கு மான் கதையை எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. இப்போது அதுவும் ஸ்பானிய மொழிக்குப் போகிறது. மொழிபெயர்க்கிற பெண்ணிடம் அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். நாலு நாள் வாங்கில் இருந்து வாங்கிய 'வி'. "ஈஸ்பரி" என்று வாசித்தார். அவர்களுக்கு 'வி'யும் 'பி'யும் ஒரே சத்தமாம்.

பிள்ளை யாரென்று தெரிந்ததும் நாங்கள் ஓர் அல்பம் அனுப்ப வேண்டும். வீடு, அறை, பள்ளிக்கூடம், சொந்தக்காரர், நாங்கள் நேரில் போவதற்கு முன்பே பிள்ளை பார்த்துப் பழக. அதில் மான் படம் ஒன்று கட்டாயம் வரும் என்று சொல்லிவிட்டேன், கீழே 'அப்பாவின் பத்திரத்தைத் தின்றது இதுதான்' என்று ஸ்பானிய மொழியில். மனைவி போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதில ஆறு மான் நிக்குது. எது திண்டது?"

எல்லாம் ஒரே மாதிரித்தான் இருந்தன. இடது பக்கம் நிற்பதைக் காட்டிவிட்டேன்.