பைனஸ் காட்டுக்குள் எறிய மூன்று தட்டுகள்: இனோவா டிஎக்ஸ் தொகுப்பு மலையகத்துக்குத் தோதா?

இனோவா நிறுவனம் டிஸ்க் கோல்ஃபுக்குப் புதியவர்களுக்கென விற்கும் டிஎக்ஸ் தொகுப்பில் மூன்று தட்டுகள் இருக்கும். தூரம் எறிய லெப்பர்ட், நடுத்தூரத்துக்கு ஷார்க், கிட்ட நின்று கூடைக்குள் போட ஏவியர். திறந்த புல்வெளியில் பழகுகிறவருக்கு இந்த வரிசை சரி. நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கம் மரங்களுக்கு நடுவே எறிகிறவருக்கு அது தலைகீழாகிவிடும். ஏவியர்தான் முதல் தட்டு, ஷார்க் இரண்டாவது. லெப்பர்ட் பாதி நேரம் பையிலேயே கிடக்கும். அப்படியிருந்தும் இந்தத் தொகுப்பை வாங்கச் சொல்வேன். டிஎக்ஸ் எனப்படும் விலை குறைந்த மென்மையான பிளாஸ்டிக்கும் வேகம் குறைந்த தட்டுகளுமே காட்டுக்குப் பொருந்தும்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. குறைந்த எறிகளில் முடிப்பவர் வெற்றி. 1970களில் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். அங்கே அரச பூங்காக்களின் மரங்களுக்குள் அமைந்த ஆடுகளங்கள் ஏராளம். நமக்குப் பைனஸ் தோப்பும் சவுக்கு மரம் நின்ற மேடும் போதும்.

தட்டின் குணத்தை நான்கு எண்கள் சொல்லும்: வேகம், மிதப்பு, தொடக்கத் திருப்பம், இறுதிச் சாய்வு. லெப்பர்டுக்கு 6, 5, -2, 1. ஷார்க்குக்கு 4, 4, 0, 2. ஏவியருக்கு 2, 3, 0, 1. வலக்கையால் புறங்கை வீச்சில் (கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளியே வீசி) எறிந்தால், மூன்றாவது எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தட்டு பறக்கும்போது வலப்பக்கம் திரும்பும். நான்காவது எண் கூடக்கூட, வேகம் குறைந்த பிறகு இடப்பக்கம் சாய்ந்து விழும். இடக்கைக்காரருக்கு எல்லாமே மாறி வரும்.

இந்த எண்கள் தாழ்நிலத்துக்கு உரியவை. நுவரெலியா 1,868 மீட்டரில் இருக்கிறது. கொழும்போடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் தட்டைத் தாங்கும் விசையும் அதைத் திருப்பும் விசையும் சேர்ந்தே குறையும். வலப்பக்கம் திரும்ப வேண்டிய லெப்பர்ட் நேராகவே போய், எதிர்பார்த்த இடத்துக்கு முன்னாலேயே இடப்பக்கம் இறங்கிவிடும். ஷார்க்கின் சாய்வு இன்னும் கடுமையாகத் தெரியும். "நான் எறியிறதெல்லாம் இடது பக்கமே போகுது" என்று புதியவர்கள் கையை நோகிறார்கள். கையில் பிழை இருக்கலாம்தான், ஆனால் பாதிக் காரணம் உயரம். தட்டின் வெளி விளிம்பை, உடம்புக்கு எதிர்ப்புறம் உள்ள விளிம்பை, சற்றே உயர்த்தி விட்டால் ஷார்க் நேர்கோட்டுக்கு வரும். சுமார் 500 மீட்டரில் உள்ள கண்டியில் இந்தத் திருத்தம் அநேகமாகத் தேவைப்படாது.

மலைச் சரிவு இன்னொரு கணக்கு. மேட்டை நோக்கி எறியும்போது தட்டின் மூக்கு, அதாவது முன் விளிம்பு, தூக்கிக்கொள்ளும். பாதி வழியில் நின்று இடப்பக்கம் சரியும். பள்ளத்தை நோக்கிப் பணிய எறியும்போது தட்டு அதிக நேரம் அந்தரத்தில் இருப்பதால் சாய்வுக்கு அதிக அவகாசம் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஏவியரே பாதுகாப்பு. பணிவில் விளிம்பு குத்தி உருளத் தொடங்கும் லெப்பர்ட் வடிகானைத் தாண்டிக் கீழ்த் தேயிலை வரிசை வரைக்கும் ஓடும். தட்டையாக விழும் ஏவியர் அவ்வளவு தூரம் போகாது.

இனி மரங்கள். பைனஸ் தோப்பு இந்த விளையாட்டுக்கென்றே நட்டது போல இருக்கும். மரங்கள் வரிசையாக நிற்கும், அடியில் புதர் குறைவு, கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்திருக்கும். ஆனால் வரிசையின் நடுவே நின்று எறிந்தால் அது வெறும் சுரங்கப்பாதை. எறியும் இடத்தை ஒரு வரிசை தள்ளி வைத்து, குறுக்காகப் பார்க்கும்படி அமைத்தால்தான் யோசிக்க வேண்டிய எறி கிடைக்கும். நீளம் 40 முதல் 60 மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் திறமையை விட அதிர்ஷ்டமே தீர்மானிக்கும். தரையில் படிந்த ஊசியிலைகள் காய்ந்திருந்தாலும் வழுக்கும். ஓடி வந்து எறியாதீர்கள். எறியும் இடத்தில் இலையை ஒதுக்கி மண்ணைக் காட்டி, நின்ற நிலையிலேயே இடுப்பைத் திருப்பி எறியுங்கள். நின்று எறிந்தால் ஷார்க்கில் 50 மீட்டர் வரும்; காட்டுக்குள் அதைவிட வேண்டியதில்லை.

டிஎக்ஸ் பிளாஸ்டிக்கைப் பலர் குறை சொல்வார்கள். மரத்தில் மோதினால் விளிம்பு பிசிறும், பள்ளம் விழும். உண்மைதான். யூக்கலிப்டஸ் தோப்பில் தொடர்ந்து எறிந்தால் சில வாரங்களிலேயே முகம் மாறிவிடும். ஆனால் அடிபட அடிபட இந்தப் பிளாஸ்டிக்கின் இறுதிச் சாய்வு குறைகிறது, தட்டு நேராகிறது. மெல்லிய காற்று கூட்டிய சாய்வைத் தேய்மானம் கழித்துவிடுகிறது. அதனால் மலையகத்தில் புது ஷார்க்கை விட அடிபட்ட ஷார்க் நல்லது. கையைக் கிழிக்கும் பிசிறை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அந்த அளவுக்கு விதியும் இடம் தருகிறது. விலை கூடிய சாம்பியன் பிளாஸ்டிக் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மூடுபனியிலும் தூறலிலும் கையில் வழுக்கும். நமக்கு வருஷத்தில் பாதி நாள் ஈரம். பிடிப்பு முக்கியம், ஆயுள் இரண்டாவது.

ஈரத்துக்கு இரண்டு துவாய் வேண்டும்: ஒன்று தட்டுக்கு, ஒன்று கைக்கு. ஒரே துவாயைப் பாவித்தால் நாலாவது கூடைக்குள் இரண்டுமே நனைந்துவிடும். பழைய காலுறையில் உலர்ந்த மரத்தூளை நிரப்பி முடிந்து வைத்துக்கொண்டால், எறியுமுன் ஒருமுறை பிசைந்து விரலை உலர்த்தலாம்.

தேயிலை மலையின் ஓரத்தில் அமைக்கும் கூடைகளில்தான் தட்டு தொலையும். தட்டு கத்தி போலச் சாய்ந்து கொழுந்து மட்டத்தைக் கிழித்து உள்ளே போனால், மேலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. செடிக்குக் கீழ்ப்பக்கம் இறங்கி, வரிசைக்கிடையே குனிந்து, மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். கையை விட்டுத் துழாவாமல் கம்பால் விலக்குங்கள். எறியும்போது ஒருவர் முன்னாலேயே பக்கவாட்டில் போய் நின்று விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டால் தேடல் பாதியாகும். விதிப்படி தேட 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு எறி தண்டமாகக் கூட்டி, முன்பு எறிந்த இடத்திலிருந்தே மறுபடி எறிய வேண்டும். ஓடையில் விழுந்தால் மிதக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். கவ்வாத்து வெட்டி முடிந்த மலை என்றால் தேடுவது சுலபம், ஆனால் வெட்டிய கிளை முனைகள் காலைக் கிழிக்கும். அட்டைக்கு உப்பும் நீண்ட காலுறையும் போதும்.

அட்டையைப் பெரிதாக நினைத்துக் குளவியை மறப்பவர்களுக்காக இதை அழுத்தியே சொல்கிறேன். தோட்டத் தொழிலாளர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி மலையகத்தில் அடிக்கடி வருவது. சவுக்கிலும் யூக்கலிப்டசிலும் உயரத்தில் கூடு இருக்கும். எறியும் பாதை முழுவதையும் முதலில் அண்ணாந்து பார்த்து நடந்து முடித்த பிறகே கூடையை வையுங்கள். கூடு தெரிந்தால் அந்தப் பாதையையே கைவிடுங்கள். கிளையில் சிக்கிய தட்டை எடுக்கக் கல்லெறியவே கூடாது. விதிப்படி தட்டு மேலே சிக்கினால் அதற்கு நேர் கீழிருந்து ஆட்டத்தைத் தொடரலாம். தட்டை நீண்ட கழியால் பிறகு இறக்கலாம்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கும் சரிவைத் தாண்டி எந்தத் தட்டையும் எறியக்கூடாது. 170 கிராம் தட்டின் விளிம்பு நெற்றியில் பட்டால் தையல் போட வேண்டி வரும். தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடமும், அரசின் பைனஸ் தோப்பு என்றால் வனத் திணைக்களத்திடமும் கேட்டுவிட்டுப் போங்கள். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்கள் இதற்கான இடமே அல்ல. பாதையை விட்டு விலகுவதற்கே அங்கு அனுமதியில்லை.

காலம் பார்த்து இடம் மாற்றினால் தட்டுகள் நன்றாகப் பேசும். தென்மேற்குப் பருவத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை. அப்போது ஊவாவில் மழை குறைவு, ஆனால் ஆனி ஆடியில் வெலிமடை, பண்டாரவளை மேடுகளில் காற்று பலம். எதிர்க்காற்றில் லெப்பர்ட் வலப்பக்கம் புரண்டு போகும். அதற்குப் பதில் ஷார்க்கை உயரே விடாமல், மார்பளவில் எறியுங்கள். மாசி, பங்குனி இரண்டு பக்கத்துக்கும் நல்லது. நுவரெலியாவில் பகல் சாய்ந்தால் மூடுபனி இறங்கிவிடும், காலையிலேயே தொடங்குங்கள்.

தொகுப்போடு கூடை வராது. துருப்பிடித்த இரண்டு சைக்கிள் ரிம்மும் துத்தநாகம் பூசிய சங்கிலியும் கிடைத்தால், வெல்டிங் கடையில் ஒரு நாள் வேலை. மேல் ரிம்மிலிருந்து 12 சங்கிலிகள், உள்ளே சிறு வளையத்திலிருந்து 6; எல்லாவற்றையும் கீழே ஒரு வளையத்தில் சேர்த்து, நடுக்கம்பத்தில் சற்றுத் தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டினால் ஏவியர் பட்டுத் தெறிக்கும். கீழ்க் கூடையின் மேல் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சரிவில் நாட்டும்போது மேட்டுப்பக்கத்தில் அளக்காமல் கம்பத்தடியில் அளந்துகொள்ளுங்கள்.

வாங்கும்போது எடையைக் கேளுங்கள். சிறுவர்களுக்கு 150 கிராமுக்குப் பக்கம், பெரியவர்களுக்கு 165 முதல் 170. நிறத்தில் கடும் இளஞ்சிவப்பு முதல் தெரிவு. பச்சை, மஞ்சள் தேயிலையில் மறையும். செம்மஞ்சள் உதிர்ந்த பைனஸ் இலையில் மறையும். கையில் இன்னும் காசிருந்தால் வேகம் கூடிய தட்டுக்குப் போகாமல், இன்னொரு ஏவியரை வாங்குங்கள். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று இரண்டையும் மாறி மாறி எறிந்து பழகலாம்.