மூணு மாசச் சம்பளமும் போச்சு, என் சிலிண்டரும் போச்சு: பழைய இன்ஜினை ரீபில்டுக்கு அனுப்புறவங்க படிங்க

நேத்து ராத்திரி தூங்கவே இல்லை. கொஞ்சம் ஆறினதுக்கப்புறம் எழுதலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள இன்னும் நாலு பேர் அங்க பணம் கட்டிடுவாங்க. அதான் இப்பவே எழுதறேன்.

என் வண்டி 1968 மாடல் யமஹா டிடி-1. 246 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒத்தை சிலிண்டர். ரோட்டுலயும் ஓடும், மண்ணுலயும் ஓடும், அதுக்குன்னே செஞ்ச வண்டி. கிடைச்சப்போ துருப்பிடிச்ச கூடு. ஃபிரேமைச் சுரண்டி, வயரிங் புதுசா இழுத்து, ஃபோர்க்கைப் பிரிச்சு, ஸ்போக்கை ஒண்ணொண்ணா கோத்து, ரெண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா நானே செஞ்சேன். இன்ஜினை மட்டும் தொடலை. பிஸ்டன் ஏறி இறங்குறதைச் சுழற்சியா மாத்துற கிராங்கைப் பிரிச்சு, புது கனெக்டிங் ராடு ஏத்தி, திரும்ப அழுத்தி, கோணாம நேரா சுத்துதான்னு சென்டர் பார்க்கணும். அதுக்கு வேணுங்கிற பிரஸ்ஸும் கைப்பழக்கமும் என்கிட்ட இல்லை.

அப்போதான் இந்தப் பட்டறை கண்ணுல பட்டுச்சு. பேர் சொல்லப் போறதில்லை. பழைய மண் ரேஸ் இன்ஜின்களை மட்டும்தான் எடுத்துச் செய்வோம்னு இணையத்துல வீடியோ போடுறவங்க. இன்ஜினை பார்சல்ல அனுப்பணும், முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டணும். தொகை என்னோட மூணு மாசச் சம்பளம்.

நான் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலை. போன் பண்ணி பட்டறைக்காரர்கிட்ட அரை மணி நேரம் பேசினேன். கிராங்கை ரெண்டு வி-பிளாக் மேல வச்சு உருட்டி டயல் கேஜ் முள்ளு அசையுதான்னு பார்க்கிற வீடியோவை அனுப்பினார். அப்புறம் அவராவே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, இந்த வண்டில மேக்னட் பக்க ஆயில் சீலை, அந்த ரப்பர் வளையத்தைத்தான் முதல்ல மாத்தணும். அது விட்டா கிராங்க்கேஸ்ல காத்து இழுக்கும், பெட்ரோல் பத்தாது, சூடு ஏறி பிஸ்டன் ஜாம் ஆயிடும். பெயின்ட்டைப் பார்த்து ஏமாறுற ஆளுங்கதான் அதை விட்டுடுவாங்க. உங்க வண்டியை என் வண்டி மாதிரி பார்த்துக்கறேன்." அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏமாத்த மாட்டார்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரியே பணம் போயிடுச்சு.

ஆறு வாரம்னு சொன்னது அஞ்சு மாசம் ஆச்சு. சிலிண்டர் துளையைக் குடையுற போர் மிஷின் ரிப்பேர், பிஸ்டன் வெளிநாட்டுல இருந்து வரணும், மிஷின்காரர் ஊர்ல இல்லை, இப்படி வாரத்துக்கு ஒரு காரணம். பழைய வண்டிக்காரங்களுக்குக் காத்திருக்கிறது பழகின விஷயம்தானே, நானும் பொறுத்துக்கிட்டேன். கடைசியா இன்ஜின் வந்துச்சு. வெளியில பளபளன்னு பெயின்ட். பில்லுல "0.50 ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் முழு ரீபில்டு, எல்லா சீலும் புதுசு"ன்னு எழுதியிருந்துச்சு. அதாவது, தேய்ஞ்ச சிலிண்டர் துளையை (போர்) ஸ்டாண்டர்டை விட அரை மில்லிமீட்டர் பெரிசாக் குடைஞ்சு, அதுக்கேத்த பிஸ்டன் போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

நேத்து காலையில இன்ஜினை வண்டியில ஏத்தினேன். மூணாவது கிக்குலயே பிடிச்சுது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, மறைக்க மாட்டேன். ஆனா ஆக்ஸிலேட்டரை விட்டும் ரேஸ் உடனே இறங்கலை, கொஞ்ச நேரம் மேலயே நின்னுது. காத்து இழுக்கிறதுக்கு அதுதான் அடையாளம். தெரிஞ்சிருந்தும், புது இன்ஜின்தானே, கார்புரேட்டர் செட்டிங்கா இருக்கும்னு மனசு சமாதானம் சொல்லுச்சு. சாயங்காலம் மண் பாதையில ரன்னிங்-இன் பண்ண மெதுவாத்தான் போனேன். ஏத்தத்துல சத்தம் ஒரு மாதிரி இறுகிச்சு, அடுத்த நொடி பின்சக்கரம் அப்படியே நின்னுடுச்சு. கிளட்ச் மேல விரல் இருந்ததால முழங்கை சிராய்ப்போட தப்பிச்சேன்.

வீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வந்து ராத்திரியே பிரிச்சேன். மேக்னட் கவரைக் கழட்டி ஃபிளைவீலை எடுத்தா, பின்னாடி இருந்தது பழைய சீல். உதடு கருங்கல்லா இறுகிப் போயிருக்கு, ஓரத்துல ஒரு துண்டே இல்லை. அவர் வாயாலயே "முதல்ல மாத்தணும்"னு சொன்ன அதே சீல்!

ஹெட்டைக் கழட்டினேன். பிஸ்டன் தலையை பெட்ரோல் துணியால துடைச்சா 1.00ன்னு அடிச்சிருக்கு. பில்லுல 0.50. வெர்னியர் வச்சு அளந்தேன், போர் 71 மில்லிமீட்டர். இந்த வண்டிக்கு ஸ்டாண்டர்டு 70. நான் அனுப்பினது 70.25, முதல் ரீபோர்தான் ஆகியிருந்துச்சு. ஒரே தடவையில எதுக்கு இவ்வளவு பெரிசா போட்டாங்கன்னு சிலிண்டரைக் கையில எடுத்துத் திருப்பினேன். அப்போதான் புரிஞ்சுது. என் சிலிண்டர்ல வலது பக்கம் கீழேருந்து ரெண்டாவது ஃபின்ல, அதான் சூட்டை ஆத்துற தகட்டுல, கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைஞ்சிருக்கும். இதுல எல்லா ஃபின்னும் முழுசா இருக்கு. இது என் சிலிண்டரே இல்லை. இன்னும் மூணு தடவை போர் போடுற அளவுக்குச் சதை இருந்த சிலிண்டரை எடுத்துக்கிட்டு, கடைசி ஓவர்சைஸ்ல நிக்கிற யாரோடதையோ எனக்கு அனுப்பியிருக்காங்க. அதுலயும் இப்போ கோடு விழுந்தாச்சு. இனிமே உள்ளே புதுக் குழாய் செருகி ஸ்லீவ் போடுறதைத் தவிர வேற வழி இல்லை.

ராத்திரியே போன் பண்ணினேன். முதல்ல "ஆயில் சரியா கலந்திருக்க மாட்டீங்க"ன்னார். எனக்குக் கலக்கிற வேலையே இல்லண்ணே, டிடி-1ல ஆட்டோலூப் பம்ப்தான் ஆயில் குடுக்குதுன்னேன். "அப்போ பம்ப்தான் போயிருக்கும், பம்ப் எங்க வேலை இல்லை"ன்னார். சீல் பழசுன்னு போட்டோ அனுப்பினேன். "எங்க கையை விட்டுப் போனதுக்கு அப்புறம் யார் மாத்தினாங்களோ." ஃபின் பத்திக் கேட்டதுக்கு, "அதை நாங்களே வெல்டிங் பண்ணிக் குடுத்தோம் தம்பி, அதுக்குக் காசே வாங்கலை." ஒரு ஃபின்ல வெல்டிங் பண்ணினா தடம் தெரியாதா? எனக்குக் கண்ணு இல்லையா? காலையில கூப்பிட்டா நம்பரை பிளாக் பண்ணியிருக்காங்க. அவங்க வீடியோவுக்குக் கீழே நான் எழுதினதும் பத்து நிமிஷத்துல காணாமப் போச்சு.

மூணு மாசச் சம்பளம். கடன் வாங்காம, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த மூணு மாசச் சம்பளம். பணத்தையாவது திரும்பச் சம்பாதிக்கலாம். அந்தச் சிலிண்டருக்கு நான் எங்க போவேன்?

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போ முடியலை. முழுப் பணத்தை முன்னாடி குடுக்காதீங்க. அனுப்புறதுக்கு முன்னாடி சிலிண்டர், கேஸ், ஹெட் எல்லாத்துலயும் பஞ்ச் வச்சு உங்க அடையாளம் போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுங்க. நான் பேக் பண்றப்போ எடுத்தது ஒரே ஒரு போட்டோ. கழட்டின பழைய சீல், ரிங், பேரிங் எல்லாத்தையும் திரும்பக் கேளுங்க. இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைச்சு 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காத்து ஏத்தி, கேஜ் முள்ளு இறங்காம நிக்கிறதை உங்க இன்ஜின் நம்பர் தெரியுற மாதிரி வீடியோ கேளுங்க. ரேஸ் இறங்கலைன்னா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க, என்னை மாதிரி ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க.

இன்னொண்ணு. டிடி-1 சிலிண்டர் யாராவது விலைக்குக் குடுத்தா, வலது பக்கம் கீழேருந்து ரெண்டாவது ஃபின்னைப் பாருங்க. கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைஞ்சிருந்தா அது என்னோடது. வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க.